டீச்சர் ‘பற’ என்றார்

ஆன்லைன் வகுப்பு தொடங்கிய அன்று டீச்சர் ‘பற’ என்றார், ஒன்றாம் வகுப்புப் பேச்சி பறந்தாள். இரண்டாயிரத்து இருபது ஜூனில், திருவனந்தபுரத்தில் சாலை என்று பெயர் கொண்ட கடைத்தெருவின் பின்சந்தில், பத்மஜா சேச்சி வீட்டுக் கீழ்த்தளத்து ஒற்றை அறையில் இது நடந்தது. மலையாளத்தில் பற என்றால் சொல் என்று பொருள். தமிழில் என்னவென்று இதைப் படிப்பவருக்குத் தெரியும். பேச்சிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். ஊரடங்குக்குச் சற்று முன்புதான் அவளை வள்ளியூரிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். மலையாளம் காதில் விழத் தொடங்கும் முன்பே தெரு மூடிவிட்டது. பள்ளியின் கேட்டைக்கூட அவள் பார்த்ததில்லை. டீச்சர் என்றால் கைபேசிக்குள் இருந்து உத்தரவு போடும் ஒரு முகம். முகம் சொன்னதைச் செய்தாள், தரையை விட்டு எழும்பி சீலிங்கில் போய்த் தலையை இடித்துக்கொண்டாள். கைபேசியின் கேமராவில் ஒரு குடமும் வெறும் சுவரும்தான் தெரிந்தன. டீச்சர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். அந்தக் கணமே பேச்சி கீழே விழுந்தாள்.

அப்பா இசக்கி ஊர்க் கோயில் கொடைக்குப் போனவர், களியக்காவிளையில் எல்லையை அடைத்ததால் திரும்ப முடியாமல் அங்கேயே கிடந்தார். அம்மா மாடம்மாள் யூசுப் முதலாளியின் பலசரக்கு மொத்தக் கடையில் பொட்டலம் போடுகிறவள். ஊரே மூடினாலும் அரிசிக்கடை மூடாது. அங்கன்வாடி மூடியிருந்தது, கடைக்குள் குழந்தைகளை விடக் கூடாது என்று உத்தரவு. எனவே வீட்டில் இருந்த ஒரே கைபேசியைப் பேச்சியிடம் கொடுத்துவிட்டு, கதவை வெளியில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கொரோனா உள்ளே வராமலிருக்கத்தான் பூட்டு என்று மகளிடம் சொல்லியிருந்தாள். வீட்டிலிருக்கும் குழந்தைகளைச் சோர்வில்லாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று பள்ளியின் வாட்ஸப் குழுவில் தினமும் அறிவுரை வந்தது. சேர்ந்து கேக் செய்யுங்கள், பால்கனியில் கீரை வளருங்கள், மொட்டை மாடியில் பாய் விரித்து நட்சத்திரங்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுங்கள். மாடம்மாள் மலையாளம் நன்றாகப் பேசுவாளே தவிர எழுத்துக்கூட்டத் தெரியாது, அதனால் இதெல்லாம் அவள் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் கைபேசியைச் சுவரில் அடித்திருப்பாள், அது நியாயமாகவும் இருந்திருக்கும். ஓர் அறை, ஒரு ஸ்டவ், கதவுக்கு மேலே கைக்குட்டை அகலத்தில் ஒரு காற்றுத்துளை. கேக்காம், கீரையாம்.

அதன்பின் பேச்சி தினமும் பறந்தாள், தினமும் விழுந்தாள். டீச்சர் அடுத்த பெயரைச் சொன்னாலும் விழுவாள், கைபேசியில் ரேஞ்ச் போனாலும் விழுவாள். முழங்கால் வீங்கியது, முன்பல் ஒன்று பாதி உடைந்தது. மாடம்மாள் கேட்டபோது, டீச்சர் பறக்கச் சொன்னாங்க என்று உள்ளதைச் சொன்னாள். தனியாக இருக்கிற பிள்ளை எதையாவது கற்பனை செய்துகொள்கிறது என்று அம்மா அழுதுகொண்டே எண்ணெய் தடவிவிட்டாள். மேல்வீட்டு பத்மஜா சேச்சி இறங்கி வந்து, தினமும் காலையில் தன் காலுக்குக் கீழே தரையில் யாரோ முட்டுகிறார்கள் என்று புகார் சொன்னார். யார் முட்டுகிறார்கள், ஏன் முட்டுகிறார்கள் என்று கேட்கவில்லை, முட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார். பள்ளியிலிருந்து குரல்செய்தி வந்தது: குட்டி ஒன்றும் பறைவதில்லை, இப்படியே போனால் பேர் வெட்டப்படும். உத்தரவிட்டபடி உயிரைக் கொடுத்துப் பறந்துகொண்டிருந்த குழந்தையைப் பற்றித்தான் இப்படிச் சொன்னார்கள்.

ஜூலையில் நோய் பெருகி மூன்றடுக்கு ஊரடங்கு போட்டு நகரத்தைப் பூட்டினார்கள், சாலைத் தெருவே அடைபட்டது. மாடம்மாள் அன்றுதான் முதல்முறையாக வகுப்பு நேரத்தில் வீட்டில் இருந்தாள். டீச்சர் ‘பற’ என்றதும், சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவளின் தலைக்கு மேலே மகள் போனாள். மாடம்மாளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மகள் பறந்தது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை, விழுந்தபோதுதான் அரிசியைப் போட்டுவிட்டு ஓடினாள். வகுப்பு முடிந்ததும் டீச்சரைக் கூப்பிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் கேளுங்கள் என்று மலையாளத்தில் பணிவாகக் கெஞ்சினாள். டீச்சரின் பெயர் சீதாலக்ஷ்மி. வகுப்பில் மலையாளம் மட்டுமே என்பது சட்டம், பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும் என்றார் டீச்சர். கூடவே அந்தக் கேக், கீரை, நட்சத்திரக் குறிப்பை இன்னொரு முறை அனுப்பிவைத்தார்.

மறுநாள் மாடம்மாள் மகளுக்கு நேர் கீழே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். "மோளே, வீட்டில் இருந்நா எந்தொக்கெ காணாம்? பற" என்று, வீட்டிலிருந்து என்னவெல்லாம் தெரிகிறது என டீச்சர் கேட்டார். பேச்சி எழும்பினாள். பதில் வரக் காத்திருந்த டீச்சர், வீட்டுக்குள் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பி, "அம்மா, செத்த சும்மா இரேன், க்ளாஸ் நடக்கறதோன்னோ" என்றார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். நகரத்தின் கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரத் தெருவின் தமிழ், அட்சரம் பிசகாமல் அந்தப் பின்சந்து அறையில் வந்து விழுந்தது. மாடம்மாளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

"டீச்சரே, நீங்க தமிழா?" என்று கேட்டாள். "வாய்க்குள்ள தமிழ வச்சுக்கிட்டு எம் பிள்ளைய தெனமும் தூக்கிக் கீழ போட்டியளே. ஒரே ஒரு வாட்டி சொல்லுன்னு சொன்னா ஒங்க வேல போயிருமா?"

வகுப்பிலிருந்த அத்தனை சதுரங்களிலும் பெற்றோர்களின் முகங்கள் வந்து எட்டிப் பார்த்தன. டீச்சர் கேமராவுக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, வகுப்பில் அதுவரை யாரும் கேட்டிராத தணிந்த குரலில், "சொல்லு கொழந்தே. ஒனக்கு என்ன தெரியறது?" என்றார்.

பேச்சி காற்றுத்துளை வழியாக எட்டிப் பார்த்தாள். "கதவுல பூட்டு தெரியுது டீச்சர். வெளிப்பக்கம். எப்பவும் பூட்டியிருக்கும். இன்னைக்கு அம்மெ உள்ள இருக்கா, அதான் தொறந்து தொங்குது. கொரோனா வந்தாலும் பரவால்ல, எனக்குப் பூட்டு வேண்டாம்."

சொல்லி முடித்தபின் மெதுவாக இறங்கி அம்மாவின் கைகளில் வந்து உட்கார்ந்தாள். அதன்பின் அவள் ஒருநாளும் விழவில்லை. மாடம்மாளின் கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பிவிட்டது. அது அநியாயம். பூட்டாமல் அவள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று சொல்ல அந்தச் சதுரங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர்களில் ஒருவர் புகார் கொடுக்க, வாரம் முடியும் முன் முகக்கவசம் அணிந்த ஓர் அதிகாரி வந்து, குழந்தையைப் பூட்டிவைப்பது குற்றம் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சி அவருடைய தலைக்கு மேலேதான் இருந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, பூட்டுக்குப் பதிலாக என்ன வழி என்றும் சொல்லவில்லை.

சாலைத் தெரு மறுபடி திறந்தபோது மாடம்மாள் அந்தப் பூட்டைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவாசலில் போய் நின்றாள். பிள்ளை உள்ளே வராவிட்டால் தானும் வரவில்லை என்றாள். சர்க்கார் இலவசமாகக் கொடுத்த மளிகைக் கிட்டுக்குப் பொட்டலம் போட ஆள் இல்லாத நேரம். யூசுப் முதலாளி முணுமுணுத்துவிட்டு வழிவிட்டார். பேச்சி அரிசிச் சாக்குமேல் உட்கார்ந்து பாடம் படித்தாள். பற என்றால் என்னவென்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எதையாவது சொல்ல வேண்டும் என்றால் எழும்பித்தான் சொல்வாள். போகிற போக்கில் மேல்தட்டிலிருந்து சீரக டப்பாவையும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். கடை ஏணியை யூசுப் முதலாளி விற்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு நவம்பரில் பள்ளி திறந்தபோது பேச்சி இரண்டாம் வகுப்பு, டீச்சர் மட்டும் அதே டீச்சர். கேள்வி கேட்கும்போது டீச்சர் முதலில் ‘பற’ என்பார், பிறகு பேச்சியைப் பார்த்து ‘சொல்லு’ என்பார். அவள் எழும்பும்போது ஃபேனின் இறக்கை தலையில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக மலையாளப் பாடம் முடியும்வரை அந்த வகுப்பில் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். புழுக்கம் தாங்கவில்லை என்று மற்றப் பெற்றோர் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தார்கள். ஃபேன் இன்றுவரை அப்படித்தான் நிறுத்தப்படுகிறது. அவள் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறாள், எல்லோரும் வியர்த்துக்கொண்டு கேட்கிறார்கள்.