பெல் அடிக்கும்வரை பிணம்

ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தது என் மனைவி. சேர்ந்தது நான். இடையில் அவள் இறந்துபோனாள்.

கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கப் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். கிளார்க் விதிமுறைகளைப் புரட்டிவிட்டு, "பணம் தர முடியாது சார். அதே குடும்பத்துல வேற யாராவது வேணும்னா சேந்துக்கலாம்," என்றார். குடும்பம் என்றால் நானும் மாமியாரும்தான். அத்தைக்கு முழங்கால் மடங்காது. மழலையர் வகுப்புக்கான பயிற்சி அது, அங்கே முழங்கால்தான் முதல் தகுதி. நான் சேர்ந்தேன்.

அதுவரை ஒரு லிஃப்ட் கம்பெனியில் இருந்தேன். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் ஃபோனில் பேச வேண்டும். "பதறாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். ஆள் கிளம்பியிருக்க மாட்டான். அவள் போன பிறகு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. வேலையை விட்டேன்.

மகளைக் கவனித்துக்கொள்ள வந்தவர் அத்தை. காரியம் எல்லாம் முடிந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். அவருடைய மகன் வேறு ஊரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பயிற்சியில் சேர்ந்த அன்று அத்தை சொன்னார்: "அவ பணம் கட்டின படிப்பு மாப்பிள்ளை. அது முடியற வரைக்கும் உங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கறேன். அப்புறம் அவன்கிட்டப் போயிடறேன்." முதல் டெர்மில் ஃபெயிலானால் படிப்பு அதோடு சரி. அத்தையின் பெட்டி கட்டிலுக்கடியில் கட்டியபடியே இருந்தது. அவரும் போய்விட்டால், அந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச ஆள் இல்லை. நாங்கள் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

பயிற்சிக்காகக் கல்லூரி என்னை அனுப்பிவைத்த பள்ளியில் குழந்தைகளுக்கு எழுத்து தெரியாது என்பதால், பை மாட்டும் கொக்கிகளுக்கு மேல் ஆளுக்கொரு படம் ஒட்டியிருந்தார்கள். நத்தை, லாரி, பட்டன், கத்தரிக்கோல். குழந்தைகள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒரு கொக்கி கொடுத்தார் தலைமை ஆசிரியை, அங்கே எல்லோருக்கும் 'பெரிய டீச்சர்'. மிச்சமிருந்த படம் தக்காளி.

"தக்காளி சார், உங்களுக்கு எத்தனை பல்லு?" என்றது நத்தை, முதல் நாள்.

"எண்ணினதில்ல."

"வாயைத் தொறங்க."

திறந்தேன். அது பாதியில் எண்ணிக்கையை மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. வரிசை சேர்ந்துவிட்டது. அன்று காலை முழுக்க வாயைத் திறந்தபடி இருந்தேன். வேறு எதுவும் கற்பிக்கவில்லை.

முதல் வாரத்தில் மூக்கு துடைத்தேன். லேஸ் கட்டினேன். ஒரே லேஸை மறுபடி மறுபடி கட்டினேன். சிறிய நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. "தக்காளி சாருக்கு வால் முளைச்சிருக்கு" என்று லாரி கத்தினான். லாரி என்பவன் குண்டுப் பையன், எப்போதும் மூக்கு ஒழுகும், மூச்சு விடாமல் பேசுவான். ஆயாம்மா வந்து என்னை ஒரு பக்கமும் நாற்காலியை ஒரு பக்கமும் இழுத்துப் பிரித்தார்.

வகுப்பின் மூலையில் ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் ஸ்டெதஸ்கோப், காலி மருந்து டப்பாக்கள். டாக்டர் கத்தரிக்கோல். இரட்டைப் பின்னல், முன்பற்கள் இல்லை, இரக்கமும் இல்லை. நோயாளிகள் தட்டுப்பாடு. யாரைப் படுக்க வைத்தாலும் சிரித்துவிடுவார்கள். என்னைப் படுக்க வைத்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"செத்துட்டாரு," என்றாள் கத்தரிக்கோல் நெஞ்சில் கேட்டுவிட்டு. "எல்லாரும் அழுங்க."

அழுதார்கள். இடைவேளை பெல் அடித்தது. எழுந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க நல்லா சாகறீங்க."

அன்றிலிருந்து தினமும் செத்தேன். விளையாட்டு நேரம் தொடங்கியதும் செத்து, பெல் அடித்ததும் எழுவேன். அதற்கு ஒரு விதி இருந்தது. செத்தவர் பெல் அடித்தால்தான் எழுந்திருக்கலாம், நடுவில் எழுந்தால் அழுகுணி ஆட்டம். எனக்கு அது பிடித்திருந்தது. நாள் முழுக்க நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

டெர்ம் கடைசியில் மேற்பார்வை மேடம் வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். பாஸா ஃபெயிலா என்பது அவர் கையில். கல்லூரியில் எங்களுக்கு வகுப்பெடுத்தவரும் அவர்தான். அவருக்கு ஒரே ஒரு கொள்கை: குழந்தைகளின் விளையாட்டைப் பெரியவர்கள் நிறுத்தக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் விளையாட்டுக்குள் ஒரு ஆளாகப் போக வேண்டும். போன வருடம் ஒருவர் "சரி, போதும், எல்லாரும் உக்காருங்க" என்று சொல்லி அன்றே வீட்டுக்குப் போனார். இப்போது பெட்ரோல் பங்கில் இருப்பதாகக் கேள்வி.

எனக்குக் கொடுத்த பாடம், கனம் – லேசு. ஒரு கூழாங்கல்லும் கொஞ்சம் பஞ்சும் எடுத்து பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அத்தை சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தார். மூடி சரியாக நிற்காது. ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"பாத்து நடத்துங்க மாப்பிள்ளை," என்றார். கட்டிலுக்கடியில் பார்க்காமல் பார்த்தார்.

திட்டம் எளிது. விளையாட்டு நேரம் முடிந்து பெல் அடிக்கும், குழந்தைகள் பிஸ்கட் தின்பார்கள், மேடம் வருவார், நான் பாடம் நடத்துவேன். வழக்கம்போல் செத்தேன். பெல் அடிக்கவில்லை. ஹீல்ஸ் சத்தம் கேட்டது.

"எங்க அவரு?" என்று மேடத்தின் குரல்.

"செத்துட்டாரு," என்றாள் கத்தரிக்கோல்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் விளையாட்டு கலைந்துவிடும். கலைத்தால் பெட்ரோல் பங்க்.

"எப்ப எழுந்திருப்பாரு?"

"பெல் அடிச்சா."

மேடம் கதவுப் பக்கம் போனார். "ஆயாம்மா, பெல் எப்ப அடிப்பீங்க?"

"நீங்க கிளம்பினதும்மா. நீங்க உள்ள இருக்கற வரைக்கும் அடிக்கக் கூடாதுன்னு பெரிய டீச்சர் கண்டிசனா சொல்லிட்டாங்க. பெல்லைக் கேட்டா பிஸ்கட்டுன்னு இதுங்க காட்டுக்கூச்சல் போடுமாம்."

"நான் பாடத்தைப் பாத்துட்டுத்தானே கிளம்ப முடியும்?"

"பாருங்கம்மா. யாரு வேணாங்கறா?"

"அவர் எழுந்தாத்தானே பாடம்?"

"எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"பெல் அடிக்காம எப்படி எழுந்திருப்பாரு?"

"நீங்க கிளம்பாம எப்படிம்மா அடிப்பேன்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. லிஃப்ட் நடுவில் நின்றால் இப்படித்தான் ஒரு அமைதி வரும். ஃபோனில் கேட்டிருக்கிறேன். ஆள் வந்துட்டிருக்கு என்று சொல்லத் தோன்றியது. பிணம் பேசக் கூடாது.

பெரிய டீச்சரைக் கூப்பிடலாம் என்றார் மேடம். மாடியில் பெற்றோர்களோடு கூட்டத்தில் இருக்கிறார், பாதியில் கூப்பிட்டால் தன் வேலை போய்விடும் என்றார் ஆயாம்மா.

மேடம் திரும்பி வந்தார். அவர் முன்னால் இருந்தது அவருடைய கொள்கை மட்டும்தான். பாயருகே உட்காரும் சத்தம் கேட்டது.

"நீங்க யாரு?" என்றாள் கத்தரிக்கோல்.

"நான்... டீச்சர்."

"டீச்சரெல்லாம் வரக் கூடாது. சொந்தக்காரங்கதான் வரணும்."

"சரி, அவரோட அக்கா."

"அப்ப அழுங்க."

மேடம் தொண்டையைச் செருமினார். "ஐயோ தம்பி," என்றார், வருகைப் பதிவு எடுக்கிற குரலில்.

"சத்தமே வரல. உங்க சொந்தத் தம்பிதானே?"

"ஐயோ என் தம்பி! போயிட்டியா!"

"இப்ப பரவால்ல. பொண்டாட்டி யாரு?"

"சாருக்குப் பொண்டாட்டி இல்ல," என்றது பட்டன். "செத்துப் போச்சு. ஆயாம்மா சொன்னாங்க."

கதவருகே ஆயாம்மா இருமினார்.

கத்தரிக்கோல் யோசித்தாள். "செத்திருந்தா பக்கத்துல படுத்திருக்கணுமே. லாரி, நீ வா."

"நான் ஆம்பளப் பையன்."

"செத்ததுக்கப்புறம் அதெல்லாம் இல்ல. படு."

தொப்பென்று ஒரு உடம்பு பக்கத்தில் விழுந்தது. "தக்காளி சார், நான்தான் உங்க பொண்டாட்டி," என்று காதில் சொன்னான். மூக்கு என் தோளில் ஈரமாகப் பட்டது. "தள்ளிப் படுங்க."

அவளும் அதைத்தான் சொல்வாள். கட்டிலில் நான் நடுவில் படுத்துவிடுவேன். தள்ளிப் படுத்தேன்.

"செத்தவரு நகர்றாரு!" என்று நத்தை கத்தியது.

"காத்து அடிச்சிருக்கும்," என்றார் மேடம் சட்டென்று. நல்ல அக்காவாக ஆகிக்கொண்டிருந்தார்.

லாரி என் கைமேல் தலையை வைத்து, ஏதோ பேசிக்கொண்டே, பேச்சின் நடுவில் தூங்கிப்போனான். அவன் வாய் மூடி நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கண் மூடியிருந்தேன்.

"இப்ப மேல கொண்டு போகணும்," என்றாள் கத்தரிக்கோல். "செத்தவங்க மேல போவாங்கன்னு எங்கம்மா சொன்னாங்க."

"மேலன்னா, பெரிய டீச்சர் ரூமா?"

"ஆமா. தூக்குங்க."

நாலு பக்கமும் கைகள். யாரோ காதைப் பிடித்து இழுத்தார்கள். நான் அசையவில்லை.

"கனமா இருக்காரு."

"முதல்ல பொண்டாட்டியத் தூக்கு."

லாரியைத் தூக்கினார்கள். குண்டுப் பையன்தான், ஆனால் பாயை விட்டு எழுந்தான். தூக்கத்தில் முனகினான். மறுபடி என் கைமேல் வைத்தார்கள்.

"லேசு," என்றது பட்டன். "சாரை விட லேசு."

"அதான் அவங்க முதல்ல போயிட்டாங்க," என்றாள் கத்தரிக்கோல். "லேசா இருக்கறவங்க முதல்ல போவாங்க. கனமா இருந்தா லேட்டாத்தான் போவாங்க."

கடைசி மாதங்களில் அவளை நான்தான் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். ஒவ்வொரு வாரமும் என் கைக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. எல்லோரும் ஏதேதோ காரணம் சொன்னார்கள். டாக்டர், கடவுள், மரபணு. கத்தரிக்கோல் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

"இவரை லேசாக்கணும்," என்றாள். "ஷூவைக் கழட்டு."

கழற்றினார்கள். தூக்கிப் பார்த்தார்கள். கனம். வாட்சைக் கழற்றினார்கள். கனம். பெல்ட்டில் கை வைத்தபோது, "அது இருக்கட்டும்," என்றார் மேடம்.

"பாக்கெட்ல பாரு."

சாவி, பர்ஸ், ஃபோன். அப்புறம் ஒரு கூச்சல். "கல்லு! பாக்கெட்ல கல்லு வச்சிருக்காரு! அதான் கனம்!"

"இது என்ன? பஞ்சு! இது லேசு."

"ரெண்டையும் ஏன்யா வச்சிருக்காரு?"

கல்லை ஆளாளுக்குக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பஞ்சை ஊதினார்கள். ஷூவா கல்லா எது கனம் என்று சண்டை வந்தது. சாவியா பஞ்சா என்று நத்தை கேட்டதற்கு எல்லோரும் அதைத் திட்டினார்கள். அக்கா இரண்டு கைகளையும் நீட்டித் தராசாக நின்றாராம். "இந்தக் கை கீழ போகுது பாருங்க. ஏன்?" என்று கேட்டார். ஏன் என்று சொன்னார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பிறகு மறுபடி தூக்கினார்கள். கல் போன பிறகும் கனம்தான். பாயோடு இழுத்தார்கள். மேடமும் ஒரு மூலையைப் பிடித்தார் என்று பிறகு ஆயாம்மா சொன்னார். வாசற்படிவரை போனேன், லாரியோடு. தலை படியில் இடித்தது. பிணம் 'ஆ' என்றது. காத்து என்றார் அக்கா.

"நான் கிளம்பறேன்," என்றார் அடுத்து, மூச்சு வாங்க.

"தம்பியை இங்கயே போட்டுட்டா?" என்றாள் கத்தரிக்கோல்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கத்தரிக்கோல் அதை ஒத்துக்கொண்டாள். "எங்க மாமாவும் அப்படித்தான் பஸ்ஸுக்கு ஓடினாரு."

மேடம் என் காதருகே குனிந்தார். "கனம், லேசு ரெண்டும் வந்துருச்சு. நீங்க தலையிடவே இல்ல. இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தரைப் பாத்ததில்ல. பாஸ்." நிறுத்தினார். "அந்தப் பையனைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, எச்சில் ஒழுகுது."

ஹீல்ஸ் சத்தம் தெருப் பக்கம் போனது. பெல் அடித்தது. காட்டுக்கூச்சல். பாயைச் சுற்றி ஓடி எல்லோரும் பிஸ்கட்டுக்குப் போனார்கள்.

நான் எழவில்லை.

திரும்பி வரும் காலடி கேட்டது. வாயில் பிஸ்கட்டோடு கத்தரிக்கோல். "தக்காளி சார். பெல் அடிச்சாச்சு."

"கொஞ்ச நேரம்."

"அதெல்லாம் கிடையாது. பெல் அடிச்சா எழுந்திரிக்கணும். இல்லன்னா அழுகுணி."

கண்ணைத் திறந்தேன். அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். லாரியின் தலைக்கடியிலிருந்து கையை உருவினேன். கை மரத்துப் போயிருந்தது. உதறினேன். கொஞ்ச நேரத்தில் ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது. வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கை வலிதான் என்று நினைத்தேன். கை சரியான பிறகும் நிற்கவில்லை.

லாரி எழுந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். "என் பிஸ்கட் எங்க?" என்றான்.

வீட்டுக்குப் போனபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். "எப்படிப் போச்சு மாப்பிள்ளை?"

"செத்துட்டேன் அத்தை."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "பாஸ்," என்றேன் அவசரமாக.

அத்தை டப்பாவை வாங்கினார். ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ வாங்கினது. அப்பவே சொன்னேன், மூடி நிக்காதுடின்னு. கேக்கல," என்றார். மகளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "அடுத்த டெர்முக்கு வேற வாங்கணும். நாளைக்கு வரும்போது வாங்கிட்டு வாங்க. லேசா இருக்கறதாப் பாருங்க."

"கனமாவே வாங்கறேன் அத்தை," என்றேன்.