கை சரியான பிறகு

கத்தரிக்கோல் முதல் தடவை கைநழுவி விழுந்தது, முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்த டீச்சரின் மடியில். நல்லவேளை, மேலே போர்த்தியிருந்த துணி தடிமனானது.

"என்ன அக்கா, முடி தலையிலதானே இருக்கு?" என்று டீச்சர் சிரித்தாள்.

வெட்டிக்கொண்டிருந்தவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் குனிந்து கத்தரியை எடுக்கப் போனபோது விரல்கள் அதைச் சுற்றி மடங்க மறுத்தன. இரண்டு கைகளாலும் அள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது. டீச்சர் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா. பார்லர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சுழல் நாற்காலி, முன்னால் கண்ணாடி, பின்னால் மரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டிலும் அடுப்பும். அதுதான் அவள் குடித்தனம். கட்டினவர் வேலை தேடிக் கடல் தாண்டிப் போனார். முதலில் பணம் வருவது நின்றது, பிறகு போன். ஒரு தம்பி இருக்கிறான், வேறு ஊரில், மனைவி பிள்ளைகளோடு. விடுமுறை நாளில் கூப்பிடுவான். மற்றபடி அவளுக்கு உறவு என்றால் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள்தான். தலையைக் கையில் கொடுத்துவிட்டால் பெண்கள் மனதையும் கொடுத்துவிடுவார்கள். மாமியார் சண்டை, மகளின் காதல், ஆபீஸ் அரசியல், எல்லாம் அவள் காதில்தான் வந்து விழும். சாயங்காலம் கூட்டித் தள்ளுகிற முடியோடு ஊர்க்கதையும் ஒரு கூடை சேர்ந்திருக்கும்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மூட்டு வாதம், உடம்பே தன் மூட்டைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிற ரகம் என்றார். அவளிடம் குறைந்த வருமானக்காரர்களுக்கான மருந்து அட்டை இருந்தது. அதைக் காட்டினால் மாத்திரை இலவசம். மாத்திரையும் விழுங்கினாள். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் குடித்தாலே எரிந்தது. பிறகு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெடுவதாகத் தெரிந்ததும் டாக்டரே நிறுத்திவிட்டார்.

"ஒரு ஊசி இருக்கும்மா. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடணும். உங்களுக்கு நல்லாக் கேக்கும்."

"அப்பப் போடுங்க டாக்டர்."

"உங்க அட்டைக்கு அது வராதே."

மாத்திரைக்கு ஒரு வருமான வரம்பு. ஊசிக்கு அதைவிடக் கீழே இன்னொரு வரம்பு. அவளுடைய கடை இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. சொந்தக் காசில் வாங்குவது என்றால், ஒரு ஊசி ஒரு மாதக் கடை வருமானத்தையே விழுங்கிவிடும். டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த மழைக்காலத்தில் கை மொத்தமாக மடங்கிப்போனது. காலையில் புடவைக் கொசுவத்தைச் செருகவே அரைமணி நேரம் ஆயிற்று. சீப்பைப் பிடிக்க முடியாதவள் கடையைத் திறந்து வைத்து என்ன செய்வது? ஷட்டரை இறக்கினாள். இறக்குவதற்கும் பக்கத்துப் பேக்கரிக்காரர் வந்துதான் கைகொடுத்தார்.

கடையை மூடியதில் ஒன்று நடந்தது. வருமானம் இல்லாமல் போனது, அட்டை மாறியது, கீழ் வரம்புக்குள் வந்துவிட்டாள். ஊசி கிடைத்தது.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலையில், தூக்கக் கலக்கத்தில், ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகித் திறந்துவிட்டு, திறந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே அவளுக்கு உறைத்தது. மூடியை மூடினாள். மறுபடி திறந்தாள். விரல்களை விரித்தாள், மடக்கினாள், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. அறையில் அவளைத் தவிர ஆள் இல்லை. தம்பிக்குப் போன் போட்டாள்.

"கை சரியாயிடுச்சுடா!"

"அப்படியா! அப்புறம் என்னக்கா, கடையைத் திற. நானும் உன்னை நெனைச்சுக் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தேன்." பின்னால் குழந்தைகள் கத்தினார்கள். "சரி, வச்சிடறேன், ஆபீசுக்கு நேரமாச்சு."

அன்றே குளித்துக் கிளம்பி, கடை திறப்பதைப் பற்றிக் கேட்க மருந்து அட்டை அலுவலகத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் எப்போதும் இருக்கிற பெண்தான் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே மேசை முழுக்கத் தேடுவாள்.

"கடை திறந்தா வருமானத்தைக் காட்டணும்கா. பழையபடி மேல போயிடும். ஊசி நின்னுடும்."

"ஊசி போடறதாலதானே கை சரியாச்சு?"

"ஆமா."

"கை சரியானா வேலை செய்யணும்ல?"

"செய்யலாம்."

"வேலை செஞ்சா ஊசி கிடையாது."

"கிடையாது."



"கொஞ்சமாத் திறந்தா? காலையில மட்டும்?"

"ஷட்டரைப் பாதி தூக்கினாலும் கடை திறந்ததாத்தான் அர்த்தம்கா. உங்க வாடகையைக் கட்டணும்னா எவ்வளவு சம்பாதிக்கணும், சொல்லுங்க? அந்த வாடகையே உங்களை வரம்புக்கு மேல தூக்கிடும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க இப்படிக் கேட்டதை நான் எழுதிக்கலை."

வாடகையை அப்போதைக்குத் தம்பி அனுப்பிக்கொண்டிருந்தான். எத்தனை நாளைக்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கை முடங்கிக் கிடந்தபோது இருந்த தனிமை ஒரு மாதிரி. வலி கூடவே இருந்தது, அதுவும் ஒரு துணை போலத்தான். நல்ல கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது வேறு. பொழுது விடியும், வேலை இருக்காது. கத்தரிகளை எண்ணெய் போட்டுத் துடைப்பாள். நாற்காலியைச் சுழற்றி விடுவாள், அது சுற்றி நிற்கும்வரை பார்ப்பாள். ஷட்டரின் சின்னக் கதவை யாராவது தட்டினால் முதலில் மனசு துள்ளும். அப்புறம் ஞாபகம் வரும். துண்டை எடுத்துக் கைகளைச் சுற்றிக்கொண்டுதான் திறப்பாள்.

"இன்னும் சரியாகலையா அக்கா?" என்பாள் டீச்சர்.

"எங்கேம்மா."

"அடப்பாவமே. நீங்க வர்றவரைக்கும் நான் முடியே வெட்டமாட்டேன்னு இருந்தேன். பாருங்க, புதர் மாதிரி ஆயிடுச்சு."

டீச்சரின் முடி நிஜமாகவே நுனி பிளந்து, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. துண்டுக்குள் அவள் விரல்கள் பரபரத்தன. கை சரியானது தெரிந்தால் முடி வெட்டச் சொல்வார்கள், வெட்டினால் அலுவலகத்துக்குப் போய்விடும் என்ற பயத்தைவிட, வாய் கூசாமல் பொய் சொல்கிறோமே என்பதுதான் அதிகம் சுட்டது. கொஞ்ச நாளில் டீச்சர் தெருமுனையில் புதிதாக வந்த சலூனுக்குப் போனாள். திரும்பி வரும்போது இந்தப் பக்கமே பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். பின்பக்கம் கொஞ்சம் கோணலாக வெட்டியிருந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "அங்கே இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். தன் குரலைக் கேட்டு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அதற்கு முன்னால் எப்போது பேசினோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஊசி போட்ட நர்சிடம், "இடது கையா, வலது கையா?" என்று அவள் கேட்டதற்கு, "இடது."

கை சும்மா இருக்க மாட்டாமல் ஒருநாள் தன் தலைமுடியிலேயே கத்தரி வைத்தாள். இடுப்புவரை இருந்ததைத் தோள்வரை. அடுத்த வாரம் காதுவரை. அப்புறம் பின்னங்கழுத்தைக் கைக்கண்ணாடி பிடித்துப் படிப்படியாக இறக்கினாள். வேலை சுத்தமாக வந்திருந்தது. பாராட்ட ஆள் இல்லாததுதான் குறை. இன்னும் எடுக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடித் தேடி, கடைசியில் தலை பள்ளிக்கூடப் பையன் தலை மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தலையோடுதான் அட்டையைப் புதுப்பிக்கப் போனாள். கவுன்ட்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"யார் வெட்டினது?"

"நான்தான்."

"பின்னாலயுமா?"

"பின்னாலயும்."

கவுன்ட்டர் பெண் கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றினாள். அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில், மத்தியானம், சின்னக் கதவு தட்டப்பட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு திறந்தால், வெளியே கவுன்ட்டர் பெண் நின்றுகொண்டிருந்தாள். துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"துண்டை எடுங்கக்கா, எனக்குத் தெரியாதா? ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன். எங்கம்மா படுக்கையில இருக்காங்க. தலை சிக்குப் பிடிச்சு, சீப்பே இறங்கலை. வேற யாரையும் கிட்ட விடமாட்டேங்கறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "காசு கொடுக்க முடியாது. கொடுத்தா உங்க வருமானத்துல நானே ஏத்தணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று சிரித்து! கத்தரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மகள் தூக்கி உட்கார வைத்தபோது வைதாள். பார்லர் அக்கா ஒன்றும் பேசாமல் கட்டிலில் பின்னால் உட்கார்ந்து, தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, எண்ணெய் தொட்டுச் சிக்கை விரலாலேயே பிரிக்க ஆரம்பித்தாள். சூடான தலை, குழந்தைத் தலை மாதிரி மெல்லிய மண்டை. பிறத்தியாரின் உடம்புச் சூடு கையில் பட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. கிழவி மெல்ல மெல்ல வைவதை நிறுத்தினாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினாள். செத்துப்போன அக்காள் தன்னுடைய வளையலைத் திருடியது, பால்காரன் தண்ணீர் ஊற்றியது, மருமகனின் குறட்டை. பார்லர் அக்கா "ம்", "அடடே", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினாள்.

"உனக்கு யாரும்மா இருக்கா?" என்றாள் கிழவி நடுவில்.

பார்லர் அக்கா காதோரத்து முடியைச் சீவி, கத்தரியை வைத்தாள். கிழவிக்குக் காது மந்தம். பதில் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "நல்லது, நல்லது" என்று விட்ட கதையைத் தொடர்ந்தாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவள், விளக்கைக்கூடப் போடாமல் யோசித்தாள். திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் போய் நின்றாள்.

"கடையைத் திறக்கப்போறேன். எழுதிக்கோங்க."

"அக்கா, ஊசி நின்னா மறுபடி முடங்கிடும்."

"தெரியும்."

"பின்ன?"

"இந்தக் கையைப் பத்திரமா வச்சிருந்து என்ன பண்ணப்போறேன்? கண்ணாடி அலமாரியில வைக்கிற பொம்மையா? இருக்கிறவரைக்கும் வேலை செய்யறேன்."

கவுன்ட்டர் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அடுத்த ஊசி என்னைக்கு?"

"வியாழக்கிழமை."

"அதைப் போட்டுக்கிட்டு வெள்ளிக்கிழமை வாங்க. இன்னைக்கு நான் உங்களைப் பார்க்கலை."

கடை திறந்த முதல் வாரம் திருவிழா மாதிரிதான் இருந்தது. டீச்சர் வந்து, கோணலைச் சரி பண்ணிக்கொண்டு, போன வருஷத்துக் கதையையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். பேக்கரிக்காரரின் மனைவி வந்தாள். சிலர் வரவேயில்லை, முனைக் கடைக்கே பழகிவிட்டார்கள். வந்தவரைக்கும் போதும் என்றிருந்தது. நாலைந்து மாதம் கை தாங்கியது. பிறகு காலை நேரத்தில் சுண்டுவிரல் முரண்டு பிடித்தது. அடுத்து மோதிர விரல். வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டுக் கடை திறந்தாள். அடுக்கு வெட்டை விட்டுவிட்டு, நேர்வெட்டு மட்டும் செய்தாள். ஒருநாள் பேக்கரிக்காரரைத் தானே போய்க் கூப்பிட்டாள், ஷட்டரை இறக்க.

மறுபடி அட்டை மாற வேண்டும். இந்தத் தடவை வரிசை நீளம், காத்திருக்கச் சொன்னார்கள். கவுன்ட்டர் பெண்ணாலும் வரிசையைச் சுருக்க முடியவில்லை. ஊசி கிடைத்தபோது கோடை வந்துவிட்டது. அதுவும் முன்போலக் கேட்கவில்லை.

"விட்டு விட்டுப் போட்டா உடம்பு மருந்தை எதிர்க்கப் பழகிடும்மா," என்றார் டாக்டர். "ஏன் நடுவுல நிறுத்தினீங்க?"

அவள் அவரையே பார்த்தாள். "நான் நிறுத்தலை டாக்டர்," என்று மட்டும் சொன்னாள்.

விரல்கள் பாதி மடங்கும், பாதி மடங்காது. டம்ளரைப் பிடிக்கலாம், கத்தரியைப் பிடிக்க முடியாது. தம்பி தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். சொன்ன குரலிலேயே வீட்டில் இடமில்லை என்பதும் இருந்தது. கடைசியில் முனைச் சலூனில் வேலை பார்த்த பெண்ணுக்கு நாற்காலியை வாடகைக்கு விட்டாள். அந்த வாடகை எவ்வளவு இருக்கலாம் என்று கவுன்ட்டர் பெண்தான் கணக்குப் போட்டுச் சொன்னாள். ஊசி வரம்புக்குச் சற்றே கீழே. கடை வாடகையில் குறைந்ததைத் தம்பி அனுப்பினான்.

அந்தப் பெண் கெட்டிக்காரி, மரியாதையும் தெரிந்தவள். "அக்கா, சும்மா இங்கேயே உட்காருங்க, எனக்கும் பேச்சுத் துணை" என்று ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டாள். ஆனால் பேச்சு நாற்காலிக்கும் கத்தரிக்கும் நடுவில் நடக்கிற விஷயம். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணாடியில் தெரிகிற முகத்திடம்தான் பேசுவார்கள். கேட்டுப் பழகிய வாயில் "அப்புறம்?" என்று வரும். யாரும் திரும்பிப் பார்க்காததால் அதை விழுங்கிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம், இதற்கு முன் பார்த்திராத ஒரு பெண், பையும் குடையுமாக உள்ளே வந்தாள். நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள். வந்தவள் பெஞ்சில் பார்லர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். நாற்காலி காலியானதும் எழுந்தவள், நாகரிகம் தெரிந்தவள், நின்று திரும்பினாள்.

"எனக்கு முன்னாடி நீங்க வந்திருந்தீங்க இல்ல? போங்கக்கா."

பார்லர் அக்கா கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள். "நீங்க போய் உட்காருங்க."

அந்தப் பெண் போய் உட்கார்ந்தாள். நாற்காலி அவளைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பியது.