ஒரே கால் செருப்பு

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த திருகை அவள் மயிரிழை அளவுதான் திருப்பினாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த எண் சரசரவென்று இறங்கியது. கையை எடுத்து, ஆட்காட்டி விரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தாள். ஆய்வகத்தின் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் அது வெறும் விரலாகத்தான் தெரிந்தது. ஆடவில்லை. ஆடவில்லை என்றுதான் தோன்றியது. இப்படி உற்றுப் பார்த்தால் எந்த விரலும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அது என்ன சுவரில் அடித்த ஆணியா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட பிறகும் விரலை மடக்க மனம் வரவில்லை.

வேலை என்னவோ பொறுமையான வேலைதான். கறுப்புத் திரைச்சீலைக்குள் ஓர் இரும்பு மேசை. மேசையின் நடுவில் சர்க்கரைக் கட்டி அளவில் ஒரு படிகம். அதற்குள் நீல ஒளியை விட்டால், எப்போதாவது ஓர் ஒளித்துகள் இரண்டாகப் பிரிந்து இரட்டையாக வெளியே வரும். ஒன்று மேசையின் இந்தக் கோடிக்குப் போகும், இன்னொன்று அந்தக் கோடிக்கு. இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால் திரையில் எண் ஏறும். பிடிப்பதற்குக் கண்ணாடிகளை நேராக வைக்க வேண்டும், அதற்குக் கை நடுங்கக் கூடாது. ஊரை விட்டு, வீட்டை விட்டு, கடல் தாண்டி வந்து, எத்தனையோ வேலைகள் இருக்க, கை நடுங்கக் கூடாத வேலையாகப் பார்த்து மாட்டிக்கொண்டோமே என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

அவளும் ஓர் இரட்டைதான். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டை. சில நிமிடம் முந்திப் பிறந்தவள் பெரியவள், இவள் சின்னவள். பெரியவள் ஊரில் ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதுகிறாள். அவளுக்கும் கை நடுங்கக் கூடாது.

அப்பாவுக்கு முதலில் சட்டைப் பொத்தான்தான் தப்பியது. பிறகு தம்ளரைத் தூக்கினால் கை தானாக வெட்டித் தண்ணீர் மடியில் கொட்டும். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும், "கவனமா குடிச்சா என்ன, சின்னப் புள்ளையா நீங்க" என்று திட்டிக்கொண்டே தரையைத் துடைப்பாள். கடைசியில் அப்பாவைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டிப்போட வேண்டி வந்தபோது அம்மா திட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவர் போன பிறகு டாக்டரம்மா இரண்டு பெண்களையும் உட்கார வைத்துச் சொன்னார். இது பரம்பரையாக வருவது. பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ரத்தத்தைப் பார்த்தால் இப்போதே தெரிந்துவிடும். மருந்து கிடையாது. பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தனித்தனியா பாக்க வேண்டியதில்லம்மா. ஒருத்தருக்குப் பாத்தா போதும்" என்றார்.

அதற்குப் பிறகு இருவருக்கும் ஒரு பழக்கம் வந்தது. வீடியோவில் கூப்பிட்டால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய தம்ளரைத் தூக்கிக் காட்ட வேண்டும். பெரியவள்தான் விளையாட்டாக ஆரம்பித்தாள். "பாத்துக்கடி, சிந்தல." இவளும் தூக்குவாள். "எனக்கும் சிந்தல." அதற்கப்புறம்தான் சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஆய்வகத்துக்குள் போன் வெளிச்சம் படக் கூடாது. ஓர் ஒளித்துகளுக்காகக் காத்திருக்கும் கருவிகள், போன் வெளிச்சத்தில் கண் கூசிக் கெட்டுப்போகும். அவள் திரைச்சீலையை விலக்கி, பம்ப் இரைந்துகொண்டிருந்த இடைவழியில் நின்று படித்தாள். பெரியவள் எழுதியிருந்தாள்.

"டாக்டரம்மா போன் பண்ணாங்க. ரிசல்ட் வந்திருச்சாம். போன்ல சொல்ல மாட்டாங்களாம், நேர்ல வந்து கேட்டுக்கணுமாம். குழந்தை விஷயம் முடிவு பண்ணணும்னுதான் நான் ரத்தம் குடுத்தேன், உனக்கே தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சா உனக்கும் தெரிஞ்ச மாதிரிதான். என் மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கிட்ட மறைக்க முடியுமா? அதனால நீ சொல்றதுதான். கேக்கணும்னா போறேன். இல்லன்னா ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன். சத்தியம்."

சின்னவள் அதை இரண்டு தடவை படித்தாள். கொஞ்ச காலமாகவே அவள் போனில் விரலால் எழுதுவதில்லை. ஓர் எழுத்து தப்பினால், இது எல்லோருக்கும் தப்புகிற தப்பா, அப்பாவின் பொத்தானா என்று அன்றைக்குப் பூராவும் மண்டை குடையும். அதனால் வாயால் சொல்லிவிடுவாள், போன் எழுதிக்கொள்ளும். இப்போதும் போனை உதட்டோடு ஒட்டிப் பிடித்து, பம்ப் இரைச்சலுக்கு நடுவே, "இப்போ கேக்க வேணாம். எனக்குப் பயமா இருக்கு" என்றாள். உள்ளே இருந்து, கூட வேலை பார்க்கும் செருப்பண்ணன், "அம்மா தாயே, எண் பாதாளத்துல கெடக்கு, வந்து தூக்கி விடு" என்று கூப்பிட்டார். அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

செருப்பண்ணன் என்ற பெயர் அவருக்கு அவர் வாயாலேயே வந்தது. இந்த ஒளித்துகள் இரட்டைகளைப் பற்றி யார் எது கேட்டாலும் செருப்பில்தான் ஆரம்பிப்பார். ஒரு ஜோடிச் செருப்பை இரண்டு பெட்டியில் போட்டு, இரண்டு ஊருக்கு அனுப்பு. இங்கே பெட்டியைத் திறந்து இடது கால் இருந்தால், அங்கே வலது கால் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். இதில் என்ன மாயம்? பெட்டிக்குள் முதலிலேயே இருந்ததுதான் வெளியே வருகிறது. அவரோடு மல்லுக்கட்டுவதற்கென்றே பூவக்கா இருந்தாள். அவள் கட்சி, சுண்டிய காசு. காசு காற்றில் சுற்றும்போது பூவும் இல்லை, தலையும் இல்லை, கையில் பிடித்துப் பார்க்கும்போதுதான் ஏதோ ஒன்று ஆகிறது என்பாள். மூன்று பேருக்கும் ஒரே மொழி என்பதால் சண்டைக்குக் குறைவே இருக்காது.

அன்று எண் ஏறி, கணக்கும் ஒழுங்காக வந்ததும் மூவரும் தேநீர் எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்கு வந்தார்கள்.

"எண்பத்தஞ்சு வந்திருக்கு. இப்பவாவது அந்தச் செருப்பைக் கழட்டிப் போடுங்களேன்" என்றாள் பூவக்கா.

"வரட்டும். பெட்டிக்குள்ள இருந்ததுதான் வந்திருக்கு."

"எப்படி இருக்கும்? ரெண்டு பக்கமும் தனித்தனியா கேள்வி கேக்கறோம். இந்தப் பக்கம் என்ன கேட்டோம்னு அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ரெண்டு பதிலும் நாம வச்ச விதிக்குப் பொருந்தினா ஜெயிப்பு. பதிலை முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு வந்திருந்தா, எவ்வளவு கெட்டிக்காரத்தனமா பேசி வச்சாலும் நூத்துக்கு எழுபத்தஞ்சுக்கு மேல ஜெயிக்க முடியாது. இதுங்க எண்பத்தஞ்சு ஜெயிக்குது. அப்போ பேசி வச்சுக்கிட்டு வரல. கேட்டப்பதான் பதிலே பொறக்குது."

"நாம என்ன கேப்போம்கறதும் முதல்லயே முடிவாகி இருந்தா? நீ காலைல இந்தச் சட்டையப் போட்டதுலருந்து, இவ அந்தத் திருகைத் திருப்பினது வரைக்கும், எல்லாமே?"

"அப்போ உங்களைத் திட்டியும் பிரயோஜனம் இல்ல."

"நீ திட்டறதும் முடிவானதுதான். தாராளமா திட்டு."

பூவக்கா சிரித்துவிட்டாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சண்டையில் அவள் எப்போதும் பூவக்கா பக்கம்தான். பக்கம் என்றால் சாதாரணப் பக்கம் இல்லை, வயிறு காய்ந்தவள் சோற்றுப் பானையைப் பார்க்கிற மாதிரி அவள் பூவக்காவின் வாயைப் பார்ப்பாள். பார்க்கும்வரை எதுவும் முடிவாகவில்லை. எவ்வளவு இதமான பேச்சு. ஆனால் ராத்திரி படுத்ததும் தெரியும், ரத்தம் காசு இல்லை. ரத்தம் செருப்புதான். அம்மா வயிற்றில் ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு முன்பே அது பெட்டிக்குள் வைக்கப்பட்டாயிற்று.

"ரெண்டும் நடக்குதுன்னு சொல்ற ஒரு கோஷ்டியும் இருக்கே" என்றாள் பூவக்கா. "ஒரு உலகத்துல பூ, இன்னொரு உலகத்துல தலை."

அப்படியானால் ஏதோ ஓர் உலகத்தில் இன்னொரு சின்னவள் எப்படியும் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடப்பாள். இவள் தப்பித்தாலும் அவள் தப்பிக்கமாட்டாள். சின்னவள் தேநீரைக் கீழே வைத்தாள்.

"பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணும் முடிவாகலன்னு சொல்றது அவ்வளவு பெரிய தப்பாண்ணா?"

"தப்புன்னு யார் சொன்னா? பயம்னு சொல்றேன். பெட்டியத் தொறக்கப் பயப்படறவங்க, உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்லிக்கறாங்க." பூவக்காவைச் சீண்டத்தான் அவர் சொன்னார். அவள் பக்கம்தான் கண்ணடித்தார்.

"ரெண்டு பெட்டியிலயும் ஒரே கால் செருப்பு இருந்தா?" என்றாள் சின்னவள்.

"அப்போ கடைக்காரன் சட்டையத்தான் பிடிக்கணும்" என்று சொல்லிச் சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணா" என்று சொல்லி, முகத்தை மறைக்க ஏதாவது வேண்டுமே என்று போனை எடுத்தாள்.

பெரியவளிடமிருந்து பதில் வந்து நெடுநேரம் ஆகியிருந்தது. "சரிடி. நீயே சொன்னப்புறம் எனக்கும் தைரியம் வந்திருச்சு. கெளம்பிட்டேன்."

எதற்குக் கிளம்பினாள்? சின்னவள் திரையை மேலே தள்ளித் தான் அனுப்பியதைப் பார்த்தாள். அவளே சொன்ன மாதிரி அழகாக எழுதியிருந்தது: "இப்போ கேக்க வேணும். எனக்குப் பயமா இருக்கு."

ஒரே ஒரு எழுத்து. பம்ப் இரைச்சலில் போனின் காதுக்குப் பாதி கேட்டு, மீதியை அதுவே இட்டு நிரப்பியிருக்கிறது. வேணாம் என்றதை வேணும் என்று எழுதியிருக்கிறது. பயமாக இருப்பதால்தான் கேட்கச் சொல்கிறாள் என்று பெரியவள் நினைத்திருப்பாள். நினைக்கக்கூடியதுதான். தன் விரலை நம்பாமல் வாயை நம்பியதற்குக் கிடைத்த கூலி இது.

கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. டாக்டரம்மாவின் அறைக்குள் போகும்போது போனை அணைத்துவிடச் சொல்வார்கள். அவளுக்கு அந்த அறை நன்றாகத் தெரியும். இரண்டு நாற்காலி இருக்கும். இன்றைக்கு ஒன்றில் பெரியவள், இன்னொன்றில் அவள் கைப்பை.

அவள் போனை மேசையில் வைத்தாள்.

"அண்ணா, அக்கா, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பக்கம் பெட்டியத் தொறந்தாச்சுன்னு வச்சுக்கோங்க. இந்தப் பக்கம் இருக்கற பெட்டிக்கு ஏதாவது ஆகுமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"ஒண்ணும் ஆகாது. ஒரு நூல் அசையாது" என்றாள் பூவக்கா. "யாராவது வந்து சொல்ற வரைக்கும் இந்தப் பக்கத்துக்கு எதுவுமே தெரியாது. தெரிய வழியே கிடையாது. அது ஒண்ணுல மட்டும் நானும் இவரும் சண்டை போட்டதில்ல."

செருப்பண்ணன் மெல்லத் தலையாட்டினார். "தொறந்தவங்களுக்குத்தான் தெரியும். அவங்க மட்டும்தான் அதைத் தூக்கிச் சுமக்கணும்."

யாராவது வந்து சொல்லும்வரை. அப்படியென்றால் போனை எடுக்காமல் இருந்துவிடலாம். இன்றைக்கு எடுக்காமல், நாளைக்கு எடுக்காமல், வேலை அதிகம் என்று சொல்லி. தெரியாத வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு நூல் அசையாது. அவளுக்கு அந்த நினைப்பு ஒரு போர்வை போலக் கதகதப்பாக இருந்தது. அந்தப் போர்வைக்குள்தான் செருப்பண்ணன் கடைசியாகச் சொன்னது முள்ளாகக் குத்தியது. இந்நேரம் ஆஸ்பத்திரியில் இவள் முகத்தோடு ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். இரண்டு பேருக்குமான பதிலை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு.

போன் அடித்தது. வீடியோ. திரையில் பெரியவளின் பழைய படம், மூக்கில் கிரீமோடு சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து மறுபடி இடைவழிக்கு வந்தாள். இரைச்சலாக இருந்தால் இருக்கட்டும். சரியாகக் கேட்காமல் போனாலும் நல்லதுதான். அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், நிற்கப்போகிற நேரத்தில் எடுத்துவிட்டாள்.

முகம் தெரியவில்லை. வெள்ளைச் சுவரும் பெஞ்சின் ஓரமும் தெரிந்தன. பெரியவள் காமிராவை வேண்டுமென்றே விலக்கிப் பிடித்திருந்தாள்.

"இருக்கியாடி?"

"இருக்கேன்."

"கேட்டுட்டேன்."

"நான் வேணாம்னுதான் சொன்னேன். போன் தப்பா எழுதிருச்சு. வேணாம்னுதான்டி சொன்னேன்."

அந்தப் பக்கம் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம். அது தேய்ந்து மறைந்தது.

"அப்போ நான் வாயத் தொறக்கல" என்றாள் பெரியவள். குரல் தட்டையாக இருந்தது. எதையும் படிக்க முடியாதபடி அவள் அதைத் தேய்த்து வழித்து வைத்திருந்தாள், கேக்கின் மேல் கிரீமை வழிப்பது போல. "உன்னைப் பாக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். நான் தனியா இருக்கேன்டி."

"மூஞ்சியக் காட்டேன்."

"காட்டினா உனக்குத் தெரிஞ்சிரும்."

காமிரா கொஞ்சம் கீழே இறங்கியது. பெரியவளின் மடி, அதன் மேல் ஒரு கை, கையில் ஒரு காகித தம்ளர். ஆஸ்பத்திரித் தண்ணீர். விளிம்பு வரை நிரப்பியிருந்தாள். பழக்கம். அதை மெல்லத் தூக்கி, காமிராவுக்கு நேரே கொண்டுவந்து பிடித்தாள்.

சின்னவள் அந்தத் தண்ணீரையே பார்த்தாள். பம்ப் இரைந்தது. படம் ஒரு கணம் கட்டம் கட்டமாகச் சிதறி மறுபடி சேர்ந்தது. தண்ணீர் விளிம்பில் வெளிச்சம் ஒரு வளையமாக நின்றது. அந்த வளையம் அசைந்தது. அது தம்ளரைப் பிடித்திருந்த கையா, போனைப் பிடித்திருந்த தன் கையா என்று தெரியவில்லை. அவள் இன்னொரு கையையும் கொண்டுவந்து போனை இறுக்கிப் பிடித்தாள். வளையம் அசைந்துகொண்டுதான் இருந்தது.