குறைந்தது பன்னிரண்டு ஷிப்ட்

1983 ஆகஸ்ட் 17ஆம் தேதி, புதன்கிழமை, திருத்தணி தபால் நிலையத்துக்கு எ. தேவசுந்தரி என்ற பெயரில் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது.

உள்ளே இரண்டு தாள்கள். முதல் தாளில், ஓர் எலக்ட்ரான் முடுக்கி ஆய்வுக்கூடம், அவள் சேர்ந்திருந்த ஆராய்ச்சிக் குழுவின் சோதனைக்கு 620 மணி நேரம் ஒதுக்கியிருப்பதாகவும், அடுத்த ஆண்டு பிப்ரவரி 6 அன்று சோதனை தொடங்கும் என்றும் இருந்தது. இரண்டாவது தாள் குழுவின் விதிமுறை. அதன் மூன்றாவது வரி, குறைந்தது பன்னிரண்டு ஷிப்ட் நேரில் இருந்து வேலை பார்த்தவர்களின் பெயர் மட்டுமே ஆய்வுக் கட்டுரையில் வரும் என்றது.

தேவசுந்தரிக்கு முப்பத்தாறு வயது. திருமணம் ஆகவில்லை. அண்ணன் ஞானப்பிரகாசத்தின் வீட்டில் இருந்துகொண்டு, மெட்ராஸில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்க தினமும் ரயிலில் போய் வந்தாள். போக வர ஐந்து மணி நேரம். சோதனையின் கால அட்டவணையை அவள் போட்டது அந்த ரயிலில்தான்.

உறைந்த அமோனியா மணிகளை ஒரு பெரிய காந்தத்துக்குள் வைத்துக் கடுங்குளிரில் ஆழ்த்தினால், அவற்றிலுள்ள ஹைட்ரஜன் கருக்களில் பெரும்பாலானவற்றின் சுழற்சியை ஒரே பக்கமாகத் திருப்பி நிறுத்த முடியும். அவற்றின்மேல் எலக்ட்ரான் கற்றையை மோதவிட்டு, சிதறி வருபவற்றை எண்ண வேண்டும். பிறகு கருக்களை எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. அது நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருக்காது.

குழுத் தலைவர் ராய்டரை அவள் பம்பாய்க் கருத்தரங்கு ஒன்றில் சந்தித்திருந்தாள். அவருடைய முதல் திட்டத்தில், பாதி நாட்கள் ஒரு பக்கம், மீதி நாட்கள் மறுபக்கம் என்று இருந்தது. ஒவ்வொரு முறை திருப்புவதற்கும் இரண்டு மணி நேரம் வீணாகும் என்பது அவர் கணக்கு. தேவசுந்தரி மறுத்து எழுதினாள். பத்து நாளில் எண்ணும் கருவியே நூற்றுக்கு மூன்று பிசகிவிடும். கடைசியில் கையில் இருப்பது எண்ணும் கருவியின் வித்தியாசம், ஹைட்ரஜன் கருக்களுடையது அல்ல. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பித்தான் ஆக வேண்டும். கற்றை பட்டுப்பட்டு அமோனியா மணிகள் கெட்டுப்போகும், அவற்றை அவ்வப்போது சிறிது சூடாக்கித் தேற்ற வேண்டும். அந்த வேலையையும் திருப்பும் நேரத்திலேயே முடித்துக்கொண்டால் இழப்பு குறையும். இணைப்பாக ஒன்பது பக்க அட்டவணை. ராய்டர் ஒரே வரியில் பதில் எழுதினார்: திட்டம் உங்களுடையது, வந்து நடத்துங்கள்.

பயணச் செலவு ஆய்வுக்கூடத்தினுடையது. கல்லூரி விடுப்பு தந்தது. பாஸ்போர்ட்டுக்கு ஜூலையிலேயே விண்ணப்பித்திருந்தாள். செப்டம்பர் முதல் வாரம், அவள் கல்லூரியில் இருந்த ஒரு பகலில், போலீஸ் விசாரணை வீட்டுக்கு வந்து போனது. தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஞானப்பிரகாசம் அதற்காக அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தான்.

அக்டோபர் போயிற்று. நவம்பர் நடுவில் அவள் மெட்ராஸ் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நான்கு மணி நேரம் நின்றாள். ஜன்னலில் இருந்தவர் கோப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, "இது டெல்லி போயிருக்கும்மா" என்றார். "போலீஸ் ரிப்போர்ட்ல 'அணு ஆராய்ச்சிக்காக அயல்நாடு செல்கிறார்'னு இருக்கு. அங்கேர்ந்து அனுமதி வந்தாத்தான் நாங்க குடுக்க முடியும்."

விசாரணைக்கு வந்த ஏட்டு துளசிங்கத்தை அன்று மாலையே திருத்தணி பேருந்து நிலையத்து டீக்கடையில் பிடித்தாள்.

"வாங்க டீச்சரம்மா. பாஸ்போட்டு வந்துச்சா?"

"அணுன்னு யாருங்க எழுதச் சொன்னது?"

"உங்க அண்ணன்தாங்க. டூருன்னு போட்டுக்கட்டுமான்னுதான் நான் கேட்டேன். 'டூரா? இன்னா ஏட்டையா பேசறீங்க, என் தங்கச்சி அணு ஆராய்ச்சிக்குப் போறா'ன்னாரு. பக்கத்து வூட்டு ஆளுங்கள்லாம் நின்னு கேட்டுகினு இருந்தாங்க. நல்ல வார்த்தையாச்சே, இருக்கட்டும்னு எழுதினேன்."

"அது குண்டு சமாச்சாரம் இல்லீங்க. அமோனியாவுல எலக்ட்ரான் பட்டுச் செதறுறத எண்றது."

"எனக்கு இன்னாம்மா தெரியும் அதெல்லாம்." துளசிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு பண்ணலாம். 'நான் சொன்ன தகவல் தப்பு'ன்னு உங்க அண்ணன் கைப்பட ரெண்டு வரி எழுதிக் குடுக்கட்டும். அத வச்சி ரெண்டாவது ரிப்போர்ட் அனுப்பறேன். நானா மாத்தினா என் தலைக்கு வந்துடும். ரிடயராவ பதினோரு மாசம் இருக்குது."

வீட்டில் ஞானப்பிரகாசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"போலீசுக்குத் தப்புத் தகவல் குடுத்தேன்னு நானே எழுதிக் குடுக்கறதா?" என்றான் அவன். "கவர்மெண்ட் சர்வெண்ட் சுந்தரி நானு. டெபுடி தாசில்தார் லிஸ்ட்ல நாலாவதா இருக்கேன். அந்த பேப்பர் கலெக்டர் ஆபீசுக்குப் போச்சுன்னா?"

"அப்போ ஏன் சொன்ன?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "ஆபீஸ்ல அந்த சடகோபன் தெனம் கேக்கறான். 'இன்னா ஞானம், தங்கச்சிக்கு ரயில்லயே மாப்ள பாத்துட்டியா? கார்டா, டிரைவரா?' பத்து வருசமா சிரிச்சிகினே கேக்கறான். அணுன்னு ஊருக்குள்ள பரவின அன்னிக்கித்தான் வாய மூடினான்."

"நான் அங்க போய் நின்னாத்தான் என் பேரு வரும் அண்ணா. இல்லன்னா வராது."

"திட்டம் நீ போட்டதுதான? அது எங்க போயிடும்? எல்லாருக்கும் தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

அவன் மனைவி தபிதாள் ரசம் ஊற்ற வந்தவள், "அணுன்னு சொல்ல வாய் வந்துச்சில்ல? ரெண்டு வரி எழுத கை வரலியா?" என்றாள்.

"நீ உள்ள போ."

தேவசுந்தரி அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டாள். ஒரு முறை ஞாயிறு ஆராதனை முடிந்து நடந்து வரும்போது கேட்டாள். "பாத்துகினுதான் இருக்கேன், லிஸ்ட் வரட்டும்" என்றான். இன்னொரு முறை, அவளே எழுதிய இரண்டு வரியை அவன் முன் வைத்தாள். அவன் அதைப் படித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தான்.

டிசம்பரில் டெல்லியிலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. சோதனையில் யுரேனியம் உண்டா? இல்லை என்று எழுதினாள். பயன்படும் பொருள் எது? அமோனியா. அதன் ராணுவப் பயன் என்ன? அமோனியாவிலிருந்து யூரியா உரம் செய்கிறார்கள், சோதனைக்கு ராணுவப் பயன் இல்லை என்று எழுதி மறுநாளே பதிவுத் தபாலில் சேர்த்தாள். ஜனவரியில் அதே கேள்விகள் வேறு கோப்பு எண்ணுடன் மறுபடி வந்தன. மறுபடி எழுதினாள்.

ஜனவரி 20 அன்று, வர இயலாது என்று ராய்டருக்குத் தந்தி கொடுத்தாள். கூடவே அட்டவணையின் திருத்திய படியை விமானத் தபாலில் அனுப்பினாள். எந்த ஷிப்டில் திருப்புவது, எந்த ஷிப்டில் சூடாக்குவது, குளிர்விப்பு தாமதமானால் எதை விடுவது என்று எல்லாம் அதில் இருந்தது. ஷிப்ட் பார்ப்பவர் பெயர் எழுதும் கட்டங்களை வெற்றாக விட்டிருந்தாள்.

அவளுக்கு ஒதுக்கிய ஷிப்டுகளை ஒரு மாணவருக்குக் கொடுத்தார்கள். பிப்ரவரி 6 அன்று சோதனை தொடங்கியது. மார்ச் கடைசியில் ராய்டரின் கடிதம் வந்தது. நாற்பத்தெட்டு முறை திருப்பியதாகவும், கருவி எதிர்பார்த்ததைவிட அதிகம் பிசகியதாகவும், பழைய திட்டமாக இருந்திருந்தால் ஒன்றும் தேறியிருக்காது என்றும் எழுதியிருந்தார். பன்னிரண்டு ஷிப்ட் விதியைப் பற்றி வருந்துவதாகவும் ஒரு வரி.

பாஸ்போர்ட் ஏப்ரல் 19, பெரிய வியாழனன்று வந்தது.

ஜூலையில் ஞானப்பிரகாசம் துணை தாசில்தாராகிப் பொன்னேரிக்கு மாற்றலானான். வழியனுப்பு விழாவில் சடகோபன்தான் மாலை போட்டான். துணை தாசில்தாரின் தங்கை ஜெர்மனிக்கு அணு ஆராய்ச்சிக்கு அழைக்கப்பட்டவர் என்று பேச்சில் குறிப்பிட்டான். ஞானப்பிரகாசம் மறுக்கவில்லை.

கட்டுரை 1985 செப்டம்பரில் வெளியானது. அதில் பதினைந்து பெயர்கள் இருந்தன. தேவசுந்தரியின் பெயர் இல்லை.