திருப்பி அனுப்பிய லிஃப்ட்

என் அப்பாவைத் திருடன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் கணக்கு அதிகாரி அவர். ஆபீஸ் பேனாவால் வீட்டு மளிகைச் சீட்டுகூட எழுத மாட்டார். கஸ்தூரிரங்கன் கை சுத்தம் என்று மயிலாப்பூரில் எங்கள் தெருவே சொல்லும். அந்தச் சுத்தத்தில் எனக்கும் ஒரு திமிர் இருந்தது.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியின் பழுதான லிஃப்ட்டை மாற்றப் பணம் வந்தது. மூன்று கம்பெனிகள் விலை எழுதித் தர வேண்டும் என்பது விதி. இரண்டுதான் தந்தன. இப்படி வந்தால், தந்தவர்களில் ஒருவனிடமே வேறு கம்பெனி லெட்டர்ஹெட்டில் மூன்றாவதை வாங்கிச் செருகிவிடுவது ஊரறிந்த வழக்கம். ஆஸ்பத்திரி இஞ்சினியர் அதைத்தான் செய்தார். அப்பா அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். மறுபடி விலை கேட்க நாளில்லை. மார்ச் முடிவதற்குள் செலவாகாத பணம் அரசாங்கத்துக்கே திரும்பிவிடும். திரும்பிவிட்டது.

"அரசாங்கப் பணத்தைக் காப்பாத்திட்டேன், சுப்புலக்ஷ்மி" என்று சொல்லிக்கொண்டே அன்று வீட்டுக்குள் வந்தார். அம்மா பாயசம் வைத்தாள். நானும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜூனில் ஒரு மத்தியானம் அம்மாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்திலேயே தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. "என் ஆஸ்பத்திரியை நானே நம்பலேன்னா வேற யார் நம்புவா?" என்றார் அப்பா. இருதய வார்டு மூன்றாவது மாடியில். லிஃப்ட் வாசலை மறித்து பெஞ்ச் போட்டிருந்தார்கள்.

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்துப் படியேறிய வார்டு ஊழியர் சண்முகவேலுக்கு அப்பா யாரென்று தெரியாது. "தெனிக்கும் இதே ரோதனை சார். லிஃப்ட்டுக்கு வந்த துட்ட எவனோ துன்னுட்டான்" என்றார்.

"யாரும் திங்கலை!" அப்பா படிக்கட்டிலேயே கத்தினார். "ஒரு பைசா குறையாம திருப்பி அனுப்பியாச்சு!"

சண்முகவேல் மூச்சு வாங்க அடுத்த படி ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அம்மாவின் கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கியது. மேலே போனதும் டாக்டர் அம்மாவின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார்.

பதிமூன்றாம் நாள் எல்லோரும் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மதுவந்தி, நான் ஒரு பைசா தொட்டிருப்பேனா? நீயே சொல்லு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

"தொட்டிருக்கலாம்ப்பா. திருடனா இருந்திருந்தா கமிஷனை எடுத்துண்டு லிஃப்ட்டை மாத்தியிருப்பேள். அம்மா இருந்திருப்பா."

"அது அரசாங்கப் பணம்டி."

"அரசாங்கம்னா யாருப்பா? அன்னிக்கு ஸ்ட்ரெச்சர்ல கிடந்தாளே, அவ இல்லையா?"

எதைக் கேட்டாலும் விதி எண்ணோடு பதில் சொல்கிறவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அவர் பக்கத்தில் போகவில்லை.