பாலத்தைத் தாண்டி வந்த இரண்டு கைகள்

தெய்ர் லவ்ஸ் ஊர் மருத்துவமனையில், ஓர் அக்டோபரின் பதினேழு நாட்களில், உடம்பே இல்லாத இரண்டு கைகள் இருநூற்றுப் பதினொரு கண்களில் புரை எடுத்தன. ஊரில் அவ்வளவு கண்கள் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றுப்பட்டு ஒன்பது ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு கோவேறு கழுதையும் வந்தது, அதற்கு இரண்டு கண்ணும் பார்த்தாயிற்று. இப்போது அது தன் நிழலைக் கண்டால்கூட மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறது. எண்ணிக்கை ஒற்றைப்படையில் நின்றதற்குக் காரணம் அபூ ஷிப்லி. ஊரிலேயே கடைசிவரை கைகளை நம்பாதவர் அவர் ஒருவர்தான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இரண்டு கண்ணும் மங்கி, ஊரிலேயே கைகளைப் பார்க்க முடியாதவரும் அவர் ஒருவர்தான்.

கைகள் டாக்டர் பவுலினா சரூருக்குச் சொந்தமானவை. அவளுடைய தாத்தா ஜிரியெஸ் சரூர் எங்கள் ஊரிலிருந்து கப்பலேறி சிலி நாட்டுக்குப் போய்த் துணி விற்றவர். பேத்தி சாந்தியாகோவில் கண் டாக்டர். வருஷாந்திர விடுப்பைப் போட்டுவிட்டு, கூலி எதுவும் வாங்காமல் இங்கே வேலை செய்ய வந்தாள். எல்லைப் பாலத்துச் சாவடியில் அவளை ஒன்பது மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தாவின் அப்பா பெயர் என்று கேட்டார்கள். பிறகு அதையே தலைகீழாகக் கேட்டார்கள். ரேகை எடுக்கக் கண்ணாடி மேல் இரண்டு கைகளையும் வைக்கச் சொன்னார்கள். அப்புறம், அனுமதி இல்லை, திரும்பிப் போ என்றார்கள். அவள் திரும்பினாள், கைகள் திரும்பவில்லை. மனிதர்களைத் திருப்பி அனுப்பத்தான் அங்கே படிவம் இருந்தது, கைகளுக்கு இல்லை, அதனால் விட்டுவிட்டார்கள். வாடகை வேன் ஓட்டும் நஸ்ரி அவற்றை ஏற்றி வந்தான். பின் சீட்டில் உட்கார்ந்து தாமாகவே பெல்ட்டை மாட்டிக்கொண்டனவாம். “இருபது வருஷத்துல என் வண்டியில பெல்ட் போட்ட மொத பாசஞ்சர் அதுங்கதான்” என்று இன்றைக்கும் சொல்கிறான்.

டாக்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம், அம்மானில் ஒரு விடுதி அறையில் இருந்தாள். விடுதிக்காரர் மனைவி சூப்பை ஊட்டிவிட, கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தபடி வேலை பார்த்தாள். எங்கள் நர்ஸ் இப்திஸாம், கத்தி, கத்தரி வைத்த தட்டிலேயே போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். அதிலிருந்து டாக்டர் பேசுவாள். ஊரே மறந்துபோன அவள் தாத்தா காலத்துச் சொற்கள், ஏதோ பாட்டுப் போன்ற இழுப்போடு வரும். லென்ஸ் பெட்டிகள் ஏழு மாதம் முன்பே வந்து கிடந்தன. கைகள் முதலில் பெட்டிகளின் தூசியைத் தட்டின. பிறகு இப்திஸாமின் மேசையை ஒழுங்குபடுத்தின. அதற்காக அவள் இரண்டு நாள் கைகளோடு பேசவில்லை.

நாங்கள் சுலபமாக நம்பும் ஊர் இல்லை. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மேசைக்கு அடியில் தவழ்ந்து கம்பி தேடினார். மணிக்கட்டு முடியும் இடத்தில் அவர் விரலை விட்டுப் பார்க்க, விழுந்த அறை ஹெப்ரோன் நகரம் வரை கேட்டது. முடிதிருத்துபவர் உளவு பார்க்க வந்த கைகள் என்றார். எதைப் பார்க்கும், அதற்குக் கண்ணா இருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, தடவிப் பார்க்கும் என்றார். இமாமும் பாதிரியாரும் ஒன்றாக வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுப்போம் என்றார்கள். அவர்கள் இருவரும் ஒரே வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: சௌகரியமான தேசத்தில் இருப்பவள் விடுப்பையும் கைகளையும் இங்கே செலவழிக்கிறாளே, அவளுக்கு என்ன வேண்டும்? போனில் கேட்டே விட்டார்கள். “ஒண்ணும் வேணாம்” என்றாள். அதோடு சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஒன்றும் வேண்டாம் என்பவர்கள் முழுசையும் கேட்க வந்தவர்கள்.

போதாததற்குக் காப்பி வேறு. முதல் நாளே விருந்தாளிக்குச் செய்யவேண்டிய மரியாதையாகக் கைகளின் முன் ஒரு குவளைக் காப்பி வைத்தோம். கைகள் அதைத் தொடவில்லை. எங்கள் பக்கங்களில் வீட்டுக்கு வந்தவர் காப்பியைத் தொடாமல் வைத்திருந்தால், மனசில் ஒரு கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். ‘குடியுங்கள், கேட்டது கொடுத்தாயிற்று’ என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை குடிக்க மாட்டார். பெண் கேட்பதும் ரத்தப்பழியை மன்னிக்கக் கேட்பதும் அப்படித்தான். கைகளுக்கு வாய் இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் குவளையை எடுக்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. காப்பி ஆறவும் இல்லை. பதினாறு நாள் ஆவி பறந்துகொண்டே இருந்தது.

கோரிக்கை என்ன என்பதை ஊர் கண்டுபிடித்துவிட்டது. ஜிரியெஸ் சரூர் கப்பலேறும்போது நாற்பத்தொரு ஒலிவ மரங்களை அபூ ஷிப்லியின் அப்பாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா உழுதார், அப்புறம் மகன் உழுதார். உழாமல் விட்ட நிலம் யாருடையதும் இல்லை என்று பாலத்துச் சாவடிக்காரர்களின் அரசாங்கம் வேலி போட்டு எடுத்துக்கொள்ள அதிக நாள் ஆகாது என்பதால் ஒரு வருஷமும் விடாமல் உழுதார். இப்போது பேத்தி தோப்பைக் கேட்கிறாள். விவகாரம் சரூர் குடும்பத்துக்கும் அபூ ஷிப்லிக்கும் இடையிலானது, நமக்கென்ன என்று ஊர் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றது.

அபூ ஷிப்லி மட்டும் போகவில்லை. “கையாவது காலாவது. ஏதோ மிஷின கொண்டாந்து வச்சிருக்கானுங்க. கண்ணத் தொறக்கறேன்னு படுக்கப் போட்டு, பத்திரத்துல ரேகை வாங்கிடுவானுங்க” என்றார்.

“பத்திரமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எங்கம்மாவுக்குப் பாத்தாச்சு, ஊசியில நூல் கோக்குறா” என்றாள் இப்திஸாம்.

“ஒங்கம்மாவுக்குத் தோப்பு இல்லடி.”

ஒலிவ அறுவடை தொடங்கியது. பதினாறாம் நாள் அபூ ஷிப்லி தடவித் தடவி ஒரு வாளி நிறையப் பொறுக்கிக்கொண்டு செக்குக்குப் போனார். செக்குக்காரன் வாளியைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் இயந்திரம் நின்றுபோனது. அவர் மனைவி உம் ஷிப்லி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“பாதி ஆட்டுப் புழுக்கை, மனுஷா! அத ஆட்டி எண்ணெய் எடுத்து யாருக்கு ஊத்தப் போற?”

“வெளிச்சம் கம்மி.”

“உச்சி வெயில்ல வெளிச்சம் கம்மியாம். போன பங்குனியில யார் நெலத்த உழுத, தெரியுமா? பக்கத்து முன்ஸிர் நெலத்த! கீழ்ப் பாத்தி பூரா உழாம கெடக்கு. நேத்து ரெண்டு பேர் வந்து அங்க நின்னு அளந்துட்டுப் போனானுங்க. ஒனக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது.”

அபூ ஷிப்லி செக்கு வாசலிலேயே உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தால் தோப்பு சரூருக்குப் போகும். திறக்காவிட்டால் வேலிக்குப் போகும். இதைப் பன்னிரண்டு சிகரெட் நேரம் யோசித்தார். அவர் யோசித்த சூட்டில் அந்தச் சுவர் இன்னும் கறுத்துக் கிடக்கிறது. பிறகு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். பாதி ஊர் பின்னால் போனது.

காப்பியின் ஆவி வந்த பக்கமாகத் திரும்பி நின்றார். “காப்பியக் குடி, மகளே. நீ கேக்குறது ஒன்னோடதுதான். நாப்பத்தொண்ணும் இருக்கு, ஒண்ணும் காஞ்சு போவல. பங்குனியில மட்டும் உழ மறந்துடாத.”

 போனிலிருந்து, “எனக்குக் காப்பி ஒத்துக்காது, பெரியப்பா. நெஞ்சு எரியும்” என்று வந்தது. “என்ன குடுத்தீங்க எனக்கு?”

இப்திஸாம் காப்பியின் வழக்கத்தையும், நாற்பத்தொரு மரங்களையும், பதினாறு நாள் ஊர் தூங்காததையும் சொன்னாள். அம்மானில் யாரோ சூப்புக் கரண்டியைக் கீழே போடும் சத்தம் கேட்டது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. அந்தச் சில நொடிகள் மருத்துவமனைச் சன்னல் கண்ணாடிகள் உள்பக்கமாக வளைந்தன.

“கேட்டே ஆகணுமா?” என்றாள் டாக்டர்.

“காப்பி வச்சாச்சு, கேட்டுத்தான் ஆகணும்” என்றார் அபூ ஷிப்லி.

“சரி. மரம் அங்கேயே உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேக்குறது ஒண்ணுதான். நாளைக்கு மறுநாள் எனக்குப் பிளேன். ஒரு கண்ணுக்குத்தான் நேரம் இருக்கு. பேசாம, அசையாம படுங்க.”

அசையாமல் படுப்பதுதான் அவரால் முடிந்தது. பேசாமல் இருக்க முடியவில்லை. கைகள் வலது கண்ணில் வேலை செய்த இருபது நிமிடமும் இது மிஷின்தான், மிஷின்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கை நடுவில் அவர் வாயைப் பொத்தியது, மற்றது வேலையைத் தொடர்ந்தது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். கைகளை ஏற்றிப்போக நஸ்ரி வேனோடு வெளியே காத்திருந்தான். ஹெட்மாஸ்டர், முடிதிருத்துபவர், இமாம், பாதிரியார், கழுதை எல்லோரும் சன்னலில் இருந்தார்கள். அபூ ஷிப்லி இமையைத் திறந்து எதிரே பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே காற்றில் கையை வீசிப் பார்த்தார். டாக்டரின் இடது கைக் கட்டைவிரலை மட்டும் கண்ணருகே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார்.

“என்ன சொல்ற, மனுஷா? மிஷினா?” என்றாள் உம் ஷிப்லி.

 அவர் வலது கையை நீட்டினார், அதைக் கை ஒன்று பிடித்துக் குலுக்கியது. பிறகுதான் சன்னல் பக்கம் திரும்பினார்.

“கைதான்” என்றார். “ரெண்டு. ஒடம்பு கெடையாது. சின்னப் பையன்ல பாத்துருக்கேன், ஜிரியெஸுக்குக் கட்டவிரல் இப்பிடித்தான் வளைஞ்சிருக்கும். நடந்தது நெசம், பாத்தவன் நான் சொல்றேன், எழுதிக்கங்க.”