ஒட்டுக்கு மேல் ஏறிய மண்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது, கண்ணுகளா. மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை போகிற வண்டி. பக்கத்தில் இருந்த பெண் மடியில் நாற்றுத் தட்டு. ஒவ்வொரு கத்தரிக் கன்றின் கழுத்திலும் சின்னதாய் ஒரு பிளாஸ்டிக் கிளிப். அடிபட்ட செடிகளா என்று கேட்டேன். சிரித்தாள்.

"கீழ சுண்டைக்காச் செடி, மேல கத்தரிங்க. வெட்டி ஒட்டுனது. எங்க கொல்லை உப்பாப் போச்சு. சுண்டை வேருதான் தாங்கும்னாங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். மிச்சமெல்லாம் நான் கட்டியது. ஈஸ்வரி என்ற பெயரும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: உப்புப் பூத்த கொல்லையில் ஈஸ்வரி நடந்தபோது, நிலா உடைந்து தரையெல்லாம்

(அடித்துவிட்டேன். நிலா எதற்கு? பக்கத்து வயலில் இறால் குட்டை வெட்டினார்கள். அந்த உப்புத் தண்ணீர் கசிந்து கசிந்து இவள் கொல்லை வெளுத்தது. அவ்வளவுதான் நடந்தது.)

கொல்லையைக் குட்டைக்காரருக்கே கொடுத்துவிடலாம் என்று அவள் கணவன் செந்தில்குமார் மஸ்கட்டிலிருந்து போனில் சொன்னான். இவள் ஒரு போகம் கேட்டாள். கத்தரி காய்த்தால் கொல்லை நம்மிடம். காய்க்காவிட்டால் குட்டைக்கு. இருவரும் அப்படித்தான் பேசி முடித்தார்கள்.

3

இந்த இடத்தை எழுதும்போது மத்தியானத்தில் கண் அசந்துவிட்டேன். தூக்கத்தில் நான் அந்தச் செடியின் தண்டுக்குள் இருந்தேன். கீழே சுண்டை வேர், ரோட்டோரத்தில் முள்ளோடு வளர்ந்த சாதி. உப்பைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் மெல்ல மேலே அனுப்பியது. மேலே கத்தரி, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் ஊதாப்பூ விரித்துக்கொண்டிருந்தது. காவிரிக் கரையில் நிற்பதாகவே அதற்கு நினைப்பு. இரண்டுக்கும் நடுவே நக அகலத்தில் ஒரு முடிச்சு. அங்கேதான் நான் படுத்திருந்தேன். அந்தப் பக்கமும் ஈரம், இந்தப் பக்கமும் ஈரம்.

(ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். வேர் உப்பு முழுவதையும் மேலே விடுவதில்லை என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், தூங்கிக்கொண்டே.)

4

செடி பூவெடுத்த சமயம் செந்தில்குமார் லீவில் வந்தான். ஈஸ்வரி தங்கை பிரசவத்துக்கென்று மன்னார்குடி போய்ச் சில நாள் தங்க வேண்டியதாயிற்று. அவள் போன மறுநாளே அவன் மண்வெட்டியை எடுத்து, வரிசை தவறாமல் எல்லாச் செடிக்கும் மண் அணைத்துவிட்டான். கத்தரி முழங்கால் உயரம் வந்தால் அடியில் மண்ணை இழுத்து அணைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, கை தானாகச் செய்யும்.

ஒட்டுச் செடிக்கு அது ஆகாது. முடிச்சுக்கு மேல் மண் ஏறினால் கத்தரி தன் சொந்த வேரை விடும். அந்த வேருக்கு உப்பைத் தடுக்கத் தெரியாது. அப்படியே குடிக்கும். இலை ஓரத்திலிருந்து கருகத் தொடங்கும்.

ஈஸ்வரி திரும்பி வந்தபோது அவன் கைலியை மடித்துக் கட்டி வரப்பில் நின்றிருந்தான்.

"மண்வெட்டி புடிக்க மறந்திருப்பேன்னு கேலி பண்ணுனியே, இப்ப பாரு."

"ஒட்டு எங்கங்க?"

"உள்ள இருக்கு. காத்தடிச்சா சாயாதுல்ல."

"மூடக் கூடாதுன்னு போன்ல சொன்னேனே."

"என்னைக்கு?"

5

இந்த 'என்னைக்கு'வில் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை எழுதியபோது அவன் பிரியத்தில் செய்திருந்தான். மறுபடி எழுதியபோது விற்கிற எண்ணத்தில், தெரிந்தே. இரண்டிலும் அதே வேர்வை, அதே மண்வெட்டி. நான் உண்டாக்கிய ஆள், அவன் மனசு எனக்கே பிடிபடவில்லை. அவனைப் பொல்லாதவனாக எழுதினால் கதை சீக்கிரம் முடியும். அதற்காகவே

(வேண்டாம்.)

6

விடிந்ததும் ஈஸ்வரி குந்தி உட்கார்ந்து விரலாலேயே மண்ணை விலக்கினாள். மண்வெட்டி பட்டால் முடிச்சு சிதையும். முதல் செடியில் ஒன்றுமில்லை. அடுத்ததில் வெள்ளை நூல் போல ஒரு வேர், நகத்தால் கிள்ளி எறிந்தாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த செந்தில்குமார் வரிசையின் மறுமுனையில் உட்கார்ந்து விலக்கத் தொடங்கினான். மறந்தவனும் அப்படி உட்காருவான், மனசு உறுத்துகிறவனும் உட்காருவான். ஒரு செடி இடைவெளியில் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

"கொல்லை இருக்கட்டும், போகட்டும். நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான்.

அவன் சொல்லப்போவதை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை செடியில் வேர் விட்டிருக்கிறது என்பதையும் நீங்களே தோண்டிப் பாருங்கள். கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பதில் எதுவாக இருந்தாலும், அதைக் கேட்ட பிறகு அவள் கை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆறேழு வரிசை இருக்கிறது, வெயில் ஏறுகிறது.